மாஸ்டரிங்கில் பார்த்துக்கொள்ளலாம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பள்ளிக்கூட லேபில் மீந்துபோன ரெக்கார்டு நோட்டு இது. பிசிக்ஸ் லேப் உதவியாளன் வேலையில் எனக்குக் கிடைக்கும் ஒரே சலுகை இந்த மாதிரி நோட்டுகள்தான். எந்தப் பாட்டுக்கு மைக்கை எங்கே வைத்தேன், எத்தனையாவது தடவை பாடியதை எடுத்துக்கொண்டேன் என்று குறித்துவைக்கலாம் என்று எடுத்தேன். முதல் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி வந்து உட்கார்ந்துகொண்டது.

என் மனைவி லீதியாளுக்கு 20ஆம் தேதி தைராய்டு ஆபரேஷன். கழுத்திலிருக்கும் கட்டியை எடுக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நேற்று டாக்டர் சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டிப் போகிறதாம். சிலருக்குக் குரல் மாறிப்போக வாய்ப்புண்டு என்று விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வந்தோம். பாளையங்கோட்டையில் இறங்கியதும் சொன்னாள்.

"அத்தான், எட்டு பாட்டையும் அதுக்குள்ள பாடி முடிச்சிருவோம்."

எட்டும் புதுப் பாட்டுகள், சபையில் இன்னும் பாடாதவை. நவம்பரில் எங்கள் கோயிலில் சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையன்று வெளியிடுவதாக இருக்கிறோம். வரிகள் அவளுடையவை. ராகம், கீபோர்டு, ரெக்கார்டிங் எல்லாம் என்னுடையவை. இதை எழுதிவைக்கக் காரணம் உண்டு. ஊரில் எல்லோரும் 'லீதியாள் பாட்டு' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 10, சனி

படுக்கையறைதான் ஸ்டுடியோ. பீரோவைத் திறந்துபோட்டு, கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, ஜமக்காளத்தைக் கொடியில் தொங்கவிட்டேன். ஃபிரிட்ஜை நிறுத்தினேன். மறுபடி போட மறந்து பால் திரிந்துபோனது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஆறாவது பாட்டை லீதியாள் முதல் தடவையிலேயே பிசிறில்லாமல் பாடிவிட்டாள். நான் பதினொரு தடவை பாட வைத்தேன்.

"முதல்ல பாடுனதுக்கு என்ன குறைச்சல் அத்தான்?"

"உனக்குத் தெரியாது. சும்மா பாடு."

குறை ஒன்றுமில்லை. ஆனால் ஒரே தடவையில் முடித்துவிட்டு எழுந்து போகிறவளைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. நான் ஒரு இடையிசைக்கு நாலு நாள் உட்காருகிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

எட்டும் முடிந்தன. குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்கில் பத்திரமாக இருக்கின்றன. இனி மிக்ஸிங். ஒவ்வொரு டிராக்கையும் ஏற்றி இறக்கி, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் என்று முடிவுசெய்கிற வேலை. அது என்னுடையது. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே ஃபைலாக ஆனதும் மாஸ்டரிங். அதைக் கோயம்புத்தூர் சாதிக் செய்வான். ஆளை நேரில் பார்த்ததில்லை. கைராசிக்காரன் என்று கேள்வி.

கடைசிப் பாட்டு முடிந்ததும் லீதியாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "இனி என்ன வந்தாலும் வரட்டும்" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் கெடுதல் ஒன்றுமில்லையாம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

குரல் வரவில்லை. காற்றுதான் வருகிறது. தண்ணீர் கேட்டாள், எனக்குப் புரியவில்லை, பக்கத்துக் கட்டில் அம்மா எடுத்துக் கொடுத்தார்கள். ஆறு மாதம்வரை பொறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ரசம் வைத்தேன். உப்பு அதிகம். அவள் சைகையில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் டீச்சராக இருக்கும் பால்வாடிக்கு ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். 'டீச்சர் எப்ப வருவாங்க' என்று பிள்ளைகள் கேட்பதாக ஆயா சொன்னாள். வீட்டில் வந்து அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து குருவானவர் வீட்டுக்கு வந்தார். "சபைக்கு ஆண்டவர் தந்த குரல் இது" என்று உருக்கமாக ஜெபித்தார். லீதியாள் அழுதாள். நானும் கண்ணைத் துடைத்தேன். பிறகு காப்பியைக் குடித்துக்கொண்டே என்னிடம், "நல்லவேளை தம்பி, அம்மா பாடுனதைப் பதிவு பண்ணி வச்சுட்டீங்க" என்றார்.

பதிவு பண்ணி வச்சுட்டேனாம். பதினேழு வருஷம் அதே கோயிலில் கீபோர்டு வாசிக்கிறேன். எட்டுப் பாட்டுக்கும் ராகம் போட்டவன் நான். அவருக்கு நான் டேப் ரிக்கார்டர். உடம்பு சரியில்லாதவள் இருக்கிற வீட்டில் இதையெல்லாம் நினைக்கக் கூடாதுதான்.

மத்தியானம் மிக்ஸிங்கை முடித்தேன். குரல் ரொம்ப முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. அது நாட்டுப்புறத்தனமாக இருக்கும். இசைக்குள் உட்காரும்படி எட்டுப் பாட்டிலும் இறக்கி வைத்தேன். இப்போது வயலின் வரிசையெல்லாம் துலக்கமாகக் கேட்கிறது. பாட்டென்றால் குரல் மட்டும் அல்லவே.

செப்டம்பர் 9, திங்கள்

கம்ப்யூட்டரில் இடமில்லை, முக்கிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு பாட்டையும் ஒரே ஃபைலாக எடுத்துச் சாதிக்குக்கு அனுப்பிவிட்டு, தனித்தனி டிராக்குகளை எல்லாம் அழித்தேன். குறை ஏதும் இருந்தால் மாஸ்டரிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 16, திங்கள்

லேபில் இருக்கும்போது சாதிக் போன் செய்தான். நல்ல மரியாதைக்காரன்.

"அண்ணா, மியூசிக் எல்லாம் அருமைங்க. வாய்ஸ்தானுங்க உள்ள போயிருச்சு. அக்கா பாடறாங்கன்னு தெரியுது, என்ன பாடறாங்கன்னு தெரியலைங்க. வாய்ஸைக் கொஞ்சம் ஏத்தி மறுபடி மிக்ஸ் பண்ணி அனுப்பறீங்களா?"

அதை நீங்களே மாஸ்டரிங்கில் ஏற்றிக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். சிரித்தான். பிறகு நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் நிதானமாகச் சொன்னான்.

"பத்துப் பேரை நிக்க வச்சு குரூப் போட்டோ எடுக்கறோம்னு வைங்க. யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு நிக்க வைக்கறதுதானுங்க மிக்ஸிங். போட்டோ எடுத்தாச்சுன்னா அப்புறம் என்கிட்ட வருது. வெளிச்சம் ஏத்துவேன், கலரை ஒரே மாதிரி ஆக்குவேன், எட்டு போட்டோவும் ஒரே ஆல்பத்துல பொருந்தற மாதிரி பண்ணுவேன். பின்னாடி நிக்கறவங்களை முன்னாடி இழுத்துட்டு வர முடியாதுங்கண்ணா. மொத்தமா ஏத்தினா எல்லாருந்தான் ஏறுவாங்க."

சரி, இரண்டு நாளில் அனுப்புகிறேன் என்றேன். எதை அனுப்புவது? போனை வைத்த பிறகு ஒரு பீக்கரைப் போட்டு உடைத்தேன்.

செப்டம்பர் 18, புதன்

அழித்ததை மீட்டுத் தரும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினேன். இறக்கியது எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? அழித்த டிராக்குகள் இருந்த அதே டிஸ்க்கில். அதிலேயே நிறுவி, அதிலேயே மீட்கவும் சொன்னேன். கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்ததன் மேலும் நானே எழுதி அழித்துவிட்டேன். ரிப்பேர் கடைக்காரர், "வேற டிஸ்க்லல்லா சார் போடணும், லேப்ல வேலை பாக்கீங்க, இது தெரியாதா?" என்றார். தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

கிடைத்தது மூன்று துண்டு. ஒன்றில் அவள் இருமுகிறாள். ஒன்றில், "ஃபேன் ஓடுது பாருங்க" என்கிறாள். ஒன்றில் வெறும் கரகரப்பு.

செப்டம்பர் 25, புதன்

கலந்த பாட்டிலிருந்து குரலைத் தனியாகப் பிரிக்கும் வித்தை இப்போது வந்திருக்கிறதே, அதைச் செய்து பாருங்கள் என்று சாதிக்கிடம் கெஞ்சினேன். டிராக்குகள் அழிந்ததையும் அவளுக்குக் குரல் போனதையும் சொன்னேன். செய்து அனுப்பினான். கேட்டேன். தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு யாரோ பாடுவதுபோல் இருக்கிறது. குரல் தாழ்ந்திருந்த இடங்களிலெல்லாம் வயலினும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வார்த்தைகளின் கடைசி எழுத்துகளைக் காணோம். அது லீதியாள் இல்லை.

"இதை வெளிய விடாதீங்கண்ணா. இதுக்கு முந்தினதே தேவலை" என்றான்.

சாயங்காலம் லீதியாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். குரல் இப்போது கொஞ்சம் வருகிறது, கரகரவென்று.

"எப்ப கேக்கத் தருவீங்க?"

"மாஸ்டரிங்ல இருக்கு."

"அதுக்கு இவ்வளவு நாளா?"

"பின்ன? சும்மாவா? அதுதான கடைசி வேலை."

தலையாட்டினாள். நான் சொன்னால் நம்புவாள். இந்த விஷயத்தில் என்னை விட்டால் அவளுக்கு யாரைத் தெரியும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆஸ்பத்திரி. குழாயை விட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையவில்லை. பேச்சு இன்னும் தேறும், பயிற்சி கொடுத்தால் பால்வாடி வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

"பாட்டு?" என்று அவள் கேட்டாள்.

"ஆறு மாசம் போனாலும் எதிர்பார்க்காதீங்கம்மா" என்றார். நல்ல மனுஷர். சுற்றி வளைக்கவில்லை.

வெளியே வந்து மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்கினாள். ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்து எடுத்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் ஸ்டாப்பில்தான் பேசினாள்.

"போட்டும் அத்தான். எட்டு பாட்டு இருக்குல்லா."

அக்டோபர் 12, சனி

சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

அக்டோபர் 19, சனி

எழுதவே மனம் வரவில்லை. எழுதுகிறேன்.

பெர்சிஸை வரச் சொல்லியிருந்தேன். லீதியாளின் தங்கை. சாந்தி நகரில் இருக்கிறாள். அக்காவின் சாரீரம் அப்படியே உண்டு, ஆனால் மேலே போனால் கொஞ்சம் திணறுவாள். என் கணக்கு இதுதான்: பெர்சிஸை அதே பாட்டை அதே மாதிரி பாட வைத்து, அந்தக் குரலை லீதியாளின் குரலோடு ஒட்டிவைத்து ஏற்றிவிட்டால், கேட்கிறவர்களுக்கு ஒரே குரலாகத் தெரியும். பெர்சிஸிடம் கோரஸ் என்று சொன்னேன். லீதியாள் பத்து மணிக்கு ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

கடை திறக்கவில்லையாம். பாதியிலேயே திரும்பிவிட்டாள். நாங்கள் ஹெட்போன் போட்டிருந்தோம், கதவு திறந்தது தெரியவில்லை. பெர்சிஸ் மூன்றாவது பாட்டின் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தாள். நான் தலையைத் தூக்கியபோது லீதியாள் ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கம் பையோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"என்ன இது?"

பெர்சிஸ்தான் பதில் சொன்னாள். "கோரஸுக்கு, அக்கா. அத்தான் கூப்பிட்டாவ."

"கோரஸுக்கு எதுக்கு சரணம்?"

பெர்சிஸ் என்னைப் பார்த்தாள். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

லீதியாள் பையைக் கீழே வைத்தாள். "அத்தான், என் குரல மட்டும் தனியா போடுங்க. அந்த சோலோ பட்டன அமுக்குங்க."

அந்தப் பட்டன் இருப்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை பாடி முடித்ததும் அதைப் போட்டுத்தானே இருவரும் கேட்போம். நான் அசையவில்லை. அவளே குனிந்து மானிட்டரைப் பார்த்தாள். இரண்டே டிராக்குகள். மொத்தப் பாட்டு ஒன்று, பெர்சிஸ் ஒன்று.

"மத்ததெல்லாம் எங்க?"

சொன்னேன். கம்ப்யூட்டரில் இடமில்லாதது, அழித்தது, மீட்கப் போய்க் கெடுத்தது, சாதிக் சொன்னது எல்லாம் சொன்னேன். பெர்சிஸ் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

லீதியாள் என் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனைப் போட்டுக்கொண்டாள். எட்டுப் பாட்டையும் வரிசையாகக் கேட்டாள். முப்பத்தெட்டு நிமிஷம். நான் சாய்த்துவைத்த கட்டிலோரம் நின்றேன். சில இடங்களில் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அவள் உதடு வரிகளைச் சொல்லிக்கொண்டே போனது, சில வரிகளில் நின்று தேடியது. அவள் எழுதிய வரிகளை அவளே தேடினாள். அப்போது நான் செத்துப்போயிருக்கலாம்.

ஹெட்போனைக் கழற்றினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தக் குரல் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"அழிச்சது தெரியாம நடந்துட்டு. சரி. குறைச்சது?"

மிக்ஸிங்கில் குரல் இசைக்குள் உட்கார வேண்டும், இப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. அவள் எழுந்து போய் வெண்டைக்காய் நறுக்கத் தொடங்கினாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

கோயிலுக்கு அவள் வரவில்லை. நான் வாசித்தேன். இரண்டு இடத்தில் தப்பு.

அக்டோபர் 23, புதன்

நாலு நாளாக வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு. கேஸ் வந்துவிட்டது, சாவி எங்கே, இவ்வளவுதான். இன்று அவளே வந்து சொன்னாள். சபையிலெல்லாம் அறிவித்தாகிவிட்டது, நோட்டீசும் அடித்தாகிவிட்டது, இருக்கிறதை அப்படியே மாஸ்டரிங் பண்ணச் சொல்லுங்கள் என்று.

"ஆனா அட்டையில என் பேர் போட வேண்டாம்."

"பாட்டு எழுதினது நீ."

"எழுதுனதுக்குப் போட்டுக்கிடுங்க. பாடுனதுக்கு வேண்டாம். இதுல கேக்கது நான்னு எனக்கே தோணல."

வாதாட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. சாதிக்குக்குச் சொல்லிவிட்டேன். "அக்காவுக்கு இப்ப எப்படி இருக்குங்க?" என்று மட்டும் கேட்டான்.

நவம்பர் 2, சனி

மாஸ்டர் வந்தது. குறை சொல்ல முடியாது. எட்டும் ஒரே சத்தம், ஒரே நிறம். போனில் கேட்டேன், பக்கத்து வீட்டுக் காரில் போட்டுக் கேட்டேன், எங்கேயும் ஒரே மாதிரி நிற்கிறது. வயலின்கள் பளபளவென்று இருக்கின்றன. அவள் குரலும் அதோடு சேர்ந்து பளபளக்கிறது, நான் வைத்த அதே இடத்தில், பின்னால்.

நவம்பர் 10, ஞாயிறு

அசனம். காலை ஆராதனையிலேயே வெளியிட்டார்கள். மத்தியானம் பந்தலில் இலை போட்டு, சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் பரிமாற ஆரம்பித்ததும் ஒலிபெருக்கியில் எட்டுப் பாட்டையும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். லீதியாள் பெண்கள் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்தார்கள். "மியூசிக் பிரமாதம்", "சென்னையில போட்ட மாதிரி இருக்கு", "இவ்வளவு வேலை தெரிஞ்ச ஆளா நீங்க!" பதினேழு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் என்னால் தரையைத்தான் பார்க்க முடிந்தது. சபை செயலரின் மனைவி ஸ்டெல்லா அக்கா வாளியோடு வந்து நின்றார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணம், அடக்கம் எல்லாவற்றிலும் லீதியாள் பாடியிருக்கிறாள்.

"மியூசிக் நல்லா இருக்கு தம்பி. பாடுனது பெர்சிஸா?"

"இல்லக்கா. லீதியாள்."

"அப்படியா? அவ குரல் நல்லா கணீர்னு இருக்குமே" என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார்கள்.

பந்தி முடிந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். 'நம் சபையின் இசையமைப்பாளர்' என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார் குருவானவர். மைக்கைக் கையில் கொடுத்தார். நடந்ததைச் சொல்லியிருக்கலாம். முந்நூறு பேர் இருந்தார்கள். நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். லீதியாளும் தண்ணீர் ஜக்கைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். சத்தமாக அவளால் செய்ய முடிவது இப்போது அது ஒன்றுதான்.

நாலு மணிக்கு வீட்டுக்கு நடந்தோம். பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தேன். தெருமுனை வந்ததும் நின்றேன்.

"தெரிஞ்சுதான் குறைச்சேன்" என்றேன். "உன் குரலுக்குப் பின்னாடி என்னை யாருக்கும் கேக்கவே கேக்காதுங்கற மாதிரி இருந்துச்சு. அதான் குறைச்சேன்."

அவள் நிற்கவில்லை. நாலு அடி முன்னால் போய்த் திரும்பினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்க நான்தான் ஓடிப் பக்கத்தில் போக வேண்டியிருந்தது.

"எனக்குத் தெரியும் அத்தான். கோயில்லயும் நான் பாட ஆரம்பிச்சா நீங்க கீபோர்டு சத்தத்தக் கூட்டுவீங்க. பதினேழு வருஷமா கேக்கேன். நீங்க கூட்டக் கூட்ட நானும் கூட்டிப் பாடிருவேன். அதனால இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல."